நானூற்றுப் பதினேழாம் நம்பர்

காத்தமுத்துவிடம் யாராவது பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வார். கொஞ்சம் பேசிப் பழகிவிட்டால் நம்பரையும் சொல்வார். முப்பத்தாறு வருஷம் கைலாசபுரத்து ஆலையில் வெல்டராக இருந்த மனுஷன். அங்கே குழாயோடு குழாயை ஒட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒட்டி முடித்ததும் பக்கத்திலேயே 'பஞ்ச்' என்கிற எண் பொறித்த உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நம்பர் இரும்பில் பதிந்துவிடும். பத்து வருஷம் கழித்து எந்த ஊரிலோ அந்த ஒட்டு விட்டுப்போனாலும் செய்த ஆளைத் தேடிப் பிடித்துவிடலாம். காத்தமுத்துவின் நம்பர் 417. அந்த நம்பரைத் தேடிக்கொண்டு ஒருநாளும் ஒருவரும் வந்ததில்லை. அவர் சம்பாதித்ததிலேயே பெரிய சம்பாத்தியம் அதுதான்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் ஒரே மகன். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலைப் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். ஆலையின் பஞ்ச்சை ஆலையிலேயே ஒப்படைத்தாயிற்று. ஆனால் கை சும்மா இருக்குமா? கடையில் நாலு, ஒன்று, ஏழு என்று மூன்று பஞ்ச் வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டு கேட்டில் 417, மாடிக் கம்பியில் 417, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி ஸ்டாண்டில்கூட 417. "வீட்ல நான் ஒருத்திதான் பாக்கி. எனக்கும் ஒண்ணு குத்திடுங்க" என்பாள் மனைவி பூரணி.

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வீராயி தள்ளுவண்டியில் குழிப்பணியாரம் விற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் இவர் கண்ணெதிரே மர வண்டியின் சக்கரம் கழன்று மாவுக் குண்டான் நடுரோட்டில் கவிழ்ந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிம்மா, நான் செஞ்சு தரேன்" என்றார். பத்தே நாளில் இரும்புக் குழாயில் ஒரு வண்டி தயாரானது. தள்ளுகிற கைப்பிடிக்கு அடியில், ஒட்டின ஓரத்தில், வழக்கம்போல் மூன்று தட்டுத் தட்டினார்.

"இது என்னண்ணே நம்பரு? வண்டிக்கு லைசென்ஸா?"

"என் கையெழுத்தும்மா. இந்த ஒட்டு என்னிக்காவது விட்டுச்சுன்னா இந்த நம்பரைக் காட்டி என்னைப் பிடிச்சுக் கேளு."

"நல்லா இருக்கே! உங்களைப் பிடிச்சுக் கேக்கவா வண்டி வாங்கினேன்?" என்று சிரித்தாள் வீராயி. அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத காத்தமுத்துவுக்கு அந்த 'அண்ணே' மிகவும் பிடித்திருந்தது. அதற்காகவே தினமும் நாலு பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகர நிர்வாகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. வாசலில் ஒரு சிலை வேண்டும் என்று கமிட்டி போட்டார்கள். ஒருவர் மலைக்கோட்டை என்றார், ஒருவர் கல்லணை என்றார், இன்னொருவர் யானையைவிட்டு இறங்குவேனா என்றார். ஃபைலைக் கையில் வைத்திருந்த இன்ஜினீயர் பானுப்ரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மலைக்கோட்டை அங்க நிஜமாவே நிக்குது சார். ஜன்னலைத் திறந்தா தெரியும்" என்றாராம். கடைசியில் பிரதீப் என்ற இளைஞன் வரைந்து கொடுத்த படம் எல்லோருக்கும் பிடித்தது: தள்ளுவண்டி தள்ளுகிற ஒரு பெண், இரண்டு ஆள் உயரம், முழுக்கப் பழைய இரும்பில். உழைக்கிற ஊருக்கு உழைக்கிறவள் சிலை. யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

பிரதீப்புக்கு வரைய வரும், ஒட்ட வராது. விசாரித்துக்கொண்டு காத்தமுத்துவிடம் வந்தான். "கல்வெட்டுல என் பேருக்குக் கீழ உங்க பேரும் வரும் சார். மேடத்துக்கிட்டச் சொல்லிட்டேன்" என்றான்.

முப்பத்தாறு வருஷம் நம்பராக இருந்தவருக்குப் பெயர்! அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பூரணி சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொல்லி முடித்தாள்.

கட்டடத்துக்குப் பின்னால் பழைய இரும்பு கிடக்கிற முற்றம். நடுவில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கழித்துப்போட்டது, எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் அகற்றிக் கொண்டுவந்த வண்டிகள். உரியவர்கள் வந்து அடையாளம் சொன்னால் கொடுக்க வேண்டியவை, தொடக்கூடாது. காத்தமுத்துவுக்குச் சிலையின் கைகளுக்கு ஒரே கனத்தில் நல்ல குழாய் தேவைப்பட்டது. இந்தப் பக்கத்தில் கிடந்ததெல்லாம் தொட்டால் உதிர்கிற துரு.

"அந்த ஓரத்துல கிடக்குற மூணு வண்டியை எடுத்துக்கவா பாய்?" என்று காவலாளி குத்புதீனிடம் கேட்டார்.

"அது கோட்டுக்கு அந்தப் பக்கம்ல சார். நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?"

"எத்தனை நாளா கிடக்கு, எவன் வரப்போறான்?"

குத்புதீன் தலையைச் சொறிந்தார். "பெரியவங்க, நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நின்ற இடத்திலிருந்தே அது, அது, அந்தக் கடைசி வண்டி என்று கையைக் காட்டிவிட்டு காத்தமுத்து நிழலுக்குப் போய்விட்டார். கேஸ் கட்டர்காரர்கள் வெட்டித் துண்டுதுண்டாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஆலையில் இருந்தவரை ஒரு சாண் குழாயைக்கூட எங்கிருந்து வந்தது என்று சீட்டுப் பார்க்காமல் தொட்டறியாதவர் அவர். அன்று பார்க்கவில்லை. கல்வெட்டுக் கனவில் இருந்தார், வேறென்ன?

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது வீராயி காலையில் வீட்டுக்கு வந்தாள். இரண்டு மாதமாக அவளை அந்த இடத்தில் காணோம். மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள் என்று இவர் நினைத்திருந்தார். பார்த்தால் ஆள் பாதியாகியிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்க்கிறேண்ணே" என்றாள். "பிரசவம் பாத்துட்டு நாலாம் நாள் வரேன், ரோட்டை அகலம் பண்றோம்னு வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கவே இத்தனை நாளாச்சு. உன்னோடதுதாங்கறதுக்கு என்னா அத்தாட்சின்னு கேக்குறாங்க. கைப்பிடிக்கு அடியில நானூத்திப் பதினேழுன்னு இருக்கும், பாருங்கன்னேன். செஞ்சவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அந்த நம்பர் ஒண்ணுதாண்ணே எனக்குச் சாட்சி."

"எந்த இடத்துல இருக்காம் வண்டி?"

"அந்தப் புதுக் கட்டடத்துக்குப் பின்னாடியாம்."

காத்தமுத்து மூன்று வண்டிகளைக் கைகாட்டிய அதே முற்றம். இருந்தாலும் கடிதத்தை எழுதினார். இன்ன வண்டி என் கையால் செய்தது, இன்ன இடத்தில் 417 என்று குத்தியிருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மண்டபத்தில் இன்று விட மாட்டார்கள், நாளைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினார். பாலம் கடந்தது, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கடந்தது, இறங்குகிற இடமே தாண்டிவிட்டது. அடுத்த ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடந்து வந்தார்.

சிலையைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தில் ஏறினார். சிலையின் இடது கை, ஒன்றுமில்லை. வலது கை, முழங்கைக்கு உட்பக்கம், கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கக் கரி உதிர்ந்து வந்தது. முதலில் ஏழு தெரிந்தது. பிறகு ஒன்று. நாலு வரை தேய்க்க அவருக்கு மனசு வரவில்லை, தேய்த்தார். தலைகீழாக நின்றது 417.

கீழே இறங்கிப் பானுப்ரியாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். 'கோட்டைத் தாண்டி எடுத்தது நான்தாம்மா' என்று ஒரே ஒரு வாக்கியம். ஆனால் சிலை நின்றுபோகும், பிரதீப்பின் பிழைப்பில் மண் விழும், குத்புதீனுக்கு வேலை போகும் என்று சாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவர்களுக்காகத்தான் யோசிப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய். கல்வெட்டில் பெயர் வெட்டக் கொடுத்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள். அதுதான் விஷயம், அது அவருக்கும் தெரியும்.

கிரைண்டரை எடுத்தார். நாலு நொடிகூட ஆகவில்லை. எண் இருந்த இடம் பளபளவென்று வழவழப்பாக ஆனது. மேலே சிவப்பு பிரைமர் பெயின்ட்டை இழுத்துவிட்டார். வாழ்நாளில் அவர் தன் நம்பரை அழித்தது அது ஒருமுறைதான்.

மறுநாள் வீராயி கடிதத்தோடு வந்தாள். பானுப்ரியா நல்ல பெண். கடிதத்தில் கையெழுத்தைக் கவனிக்கவில்லை, நம்பரை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டார். ஆளை அனுப்பாமல் தானே முற்றத்துக்கு வந்து, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, கிடந்த வண்டிகள் ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து தேடினார். வீராயியும் கூடவே குனிந்தாள். சாரத்தின் மேலே காத்தமுத்து முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒட்டுகிற மாதிரி நின்றார். கையில் வெல்டிங் ராடு இருந்தது, நெருப்பு இல்லை.

"நானூத்திப் பதினேழு எதுலயும் இல்லம்மா" என்றார் பானுப்ரியா. "உங்க வண்டி இங்க வந்து சேரவே இல்லபோல இருக்கு. நான் என்னம்மா பண்ணட்டும்?"

திரும்பி வரும்போது வீராயி அண்ணாந்து பார்த்தாள். முகமூடி இருந்தும் நிற்கிற தினுசிலேயே ஆளைத் தெரிந்துவிட்டது. "அண்ணே! நீங்க இங்கதானா? நம்ம வண்டியைக் காணோம்ணே!" என்று கத்தினாள். அவர் முகமூடிக்குள்ளேயே தலையை ஆட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலையை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க பண்ணதா? அழகா இருக்குண்ணே. நான் நிக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

விழா ஜாம்ஜாம் என்று நடந்தது. கல்வெட்டில் பிரதீப்பின் பெயருக்குக் கீழே 'காத்தமுத்து' என்று பொன் எழுத்தில் இருந்தது. பூரணி பட்டுப்புடவையில் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். எல்லோரும் சிலையின் முகத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். காத்தமுத்துவின் கண் முழங்கையைவிட்டு நகரவில்லை. 

வீட்டுக்கு வந்ததும் புதுக் குழாய் வாங்கிப்போட்டு வேலையைத் தொடங்கினார். முன்பு செய்ததைவிட நல்ல வண்டி. மழைக்கு மேலே தகரம், அடுப்புக்குக் காற்று அடிக்காமல் மறைப்பு, மாவுக் குண்டான் ஆடாமல் உட்கார வளையம். இரண்டு வாரம் ஆனது. இதைக் கொடுத்துவிட்டால் சரியாகிப்போகும் என்று நம்பினார். தானே தள்ளிக்கொண்டு வீராயி வீட்டு வாசலுக்குப் போனார்.

அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தகரத்தைத் தட்டிப் பார்த்தாள், வளையத்தைத் தடவிப் பார்த்தாள். "என் சாமி, என்னைப் பெத்தவங்ககூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லண்ணே" என்று அழுதாள். பிறகு குனிந்து கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினாள்.

"நம்பரைக் காணோமேண்ணே? மறந்துட்டீங்களா? குத்துங்க. நாளைக்கு எவனாச்சும் தூக்கிட்டுப் போனா எனக்கு வேற என்ன இருக்கு?"

பஞ்ச் சட்டைப் பையில்தான் இருந்தது. கையில் எடுத்தார். நாலாம் எண்ணைக் குழாயில் வைத்துச் சுத்தியலை ஓங்கியவரால் இறக்க முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கோட்டைத் தாண்டியது, வெயில், கேஸ் கட்டர், சிலையின் வலது கை, கிரைண்டர், ஒன்றுவிடாமல்.

வீராயி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் வந்தேனே. அந்த அம்மாவும் நானும் குனிஞ்சு குனிஞ்சு தேடினோமே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"மேல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க?"

"ஆமா."

"தெரியாம வெட்டிட்டீங்க, அது போவட்டும். கைத்தவறுதல் யாருக்கும் வரும். இருந்த ஒரே சாட்சியை எதுக்குண்ணே அழிச்சீங்க?"

 அவர் சுத்தியலை மறுபடி கையில் எடுத்தார். "இப்பக் குத்திடறேம்மா" என்று எழுந்தார். வீராயி கைப்பிடியின் மேல் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டாள்.

"வண்டி எனக்கு வேணும், எடுத்துக்கறேன். வேண்டாம்னு சொல்ற நிலைமையில நான் இல்ல. உங்க நம்பர் வேணாம்."

அவள் மறுபடி ஸ்டேஷன் பக்கம் கடை போட்டிருக்கிறாள் என்று பூரணிதான் வந்து சொன்னாள். போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் மனசுக்குள் இழுத்துப் பறித்துவிட்டு, ஒரு சாயங்காலம் காத்தமுத்து போனார். அடுப்பு நன்றாக எரிந்தது. குண்டான் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. கல்லில் பணியாரம் பொன்னிறமாக வெந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்று, பிறகு அருகில் போனார்.

வீராயி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கிண்ணத்தைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை வேணும் சார்?"