நாகஜோதியின் இடது பை

நாகஜோதி ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தது 2004 ஆகஸ்ட் மாதம். அதைவிட்டு எழுந்தது 2024 ஜூன் மாதம். பத்தொன்பது ஆண்டு பத்து மாதம். பிரசவத்துக்காக இரண்டு முறை ஊருக்குப் போய் இருந்த நாட்களை இதில் கழிக்க வேண்டும். அந்தத் தேதிகள் அவருக்கே நினைவில்லை என்றதால் நான் கழிக்கவில்லை. அவர் எழுந்த விதம் எனக்குத் தெரியும். அதில் என் தவறு ஒன்றும் இருப்பதால் அதை முழுதாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா வீரணன் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். 2003-இல் பத்தாம் வகுப்பு எழுதிய நாகஜோதி, அறிவியலில் மட்டும் தவறினார். மறுபடி எழுதலாம் என்று இருந்தபோது, தெருவில் நான்கு பெண்கள் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஐந்தாவதாக இவரும் வண்டி ஏறினார். அந்த ஒரு வருடம் பத்தொன்பது ஆனது. இங்கேயே சாயப்பட்டறையில் வேலை செய்யும் மூக்கையாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பிள்ளைகள்.

2022 கடைசியில் கழுத்து வலி தொடங்கியது. பிறகு இடது கை விரல்கள் மரத்தன. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் நாள் முழுக்கக் குனிந்து தைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. மூக்கையா ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார். திரும்பினால் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கும்.

நாகஜோதி வேலை செய்த கம்பெனியில் துணி சோதனை அறை ஒன்று உண்டு. துணியை வட்டமாக வெட்டி எடை பார்ப்பது, துவைத்துச் சுருக்கம் அளப்பது, சாயம் போகிறதா என்று பார்ப்பது அங்கே வேலை. நிமிர்ந்து நின்று செய்யலாம். அங்கிருந்த பெண் கல்யாணமாகிக் காங்கேயம் போகப்போவதால் 2024 மே கடைசியில் அந்த இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாகஜோதி போய்க் கேட்டபோது, அலுவலகத்தில் ஆட்கள் விவரம் பார்க்கும் சரவணக்குமார் ஒளிக்காமல் சொன்னாராம்.

“உங்களுக்குக் கொடுக்கறதுல எனக்கு சந்தோசந்தாங்க்கா. ஆனா மார்க் ஷீட் இல்லாம ஆடிட்ல நிக்காதுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஆள் போடாம வெச்சுக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லீங்க.”

தாராபுரம் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, படிப்பை விட்ட தொழிலாளர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பாடம் நடத்துவது தமிழ்மதி. வார நாட்களில் அவிநாசிபாளையத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை, இருபத்தாறு வயது. பதிவேடுகள் என் பொறுப்பு. நான் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தொரு ஆண்டு, ஆட்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். நாகஜோதி சேர்ந்தது அந்த வேலையைக் கேட்பதற்கு வெகு முன்பே, கழுத்து வலி தொடங்கிய கையோடு, 2023 பிப்ரவரி 12. வரிசை எண் 17. அதற்குப் பிறகு அவர் வராத ஞாயிறு மூன்றே மூன்று.

சேருகிறவர்களுக்கு ஒரு விதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பாடத்தையும் பத்து முறை பார்த்து எழுத வேண்டும். எழுதிய பக்கங்களை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவேன். எழுதினால் பதியும் என்பது என் நம்பிக்கை. நாகஜோதி விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, சமையலுக்கு முன் எழுதினார். முதல் தேர்வுக்குள் ஏழு நோட்டு நிரம்பியது. அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. மற்றவர்களிடம் அந்த நோட்டுகளைக் காட்டி, இப்படி எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆண்டுத் துணைத்தேர்வில் அறிவியல் செய்முறையில் இருபத்தைந்துக்கு இருபது வாங்கினார். எழுத்துத் தேர்வில் எழுபத்தைந்துக்குக் குறைந்தது இருபது வேண்டும். அவருக்கு வந்தது பதினான்கு. இன்னும் நான்கு நோட்டு எழுதச் சொன்னேன். எழுதினார். மொத்தம் பதினொன்று.

2023 நவம்பர் 19 அன்று தமிழ்மதி நரம்பு மண்டலப் பாடம் எடுத்தார். பலகையில் இரண்டு நியூரான்களை வரைந்து, அவை ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவே சிறு இடைவெளி உண்டு, செய்தி அதைத் தாண்டித்தான் போகிறது என்றார். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பச் செய்தி போனால் அந்த இணைப்பு பலப்படும். நாம் கற்றுக்கொள்வது அப்படித்தான் என்றும் சொன்னார். நாகஜோதி எழுந்து நின்றார்.

“அப்ப பதினோரு நோட்டு எழுதுனேனே டீச்சர், அது எந்தத் தடத்துல போச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தமிழ்மதி அவருடைய நோட்டை வாங்கி மூடிவைத்துவிட்டு, நான்கு நாளுக்கு முன் பத்தாவது முறையாக எழுதிய இதயப் பாடத்தில் நான்கு அறைகளின் பெயரை மட்டும் சொல்லச் சொன்னார். இரண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை. நாகஜோதியின் கண் மூடிய நோட்டின் மேலேயே இருந்தது.

தமிழ்மதி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “அக்கா, நீங்க திருப்பூர் வந்த புதுசுல கம்பெனி விட்டு உங்க லைன் வீட்டுக்கு எப்படிப் போனீங்க?”

“கூட்டத்தோட போனேன். ஒரு மாசமா அவளுக பின்னாடியேதான்.”

“ஒத்தையாப் போன அன்னிக்கு?”

“தெரியாம வேற சந்துல போய் நின்னுட்டேன். அழுகையே வந்துருச்சு.”

“அப்புறம் அந்தச் சந்து எப்பவாச்சும் மறந்துச்சுங்களா?”

நாகஜோதி இல்லை என்று தலையசைத்தார். தமிழ்மதி சொன்னதை அன்றைக்கே குறித்துவைத்திருக்கிறேன். “பாத்து எழுதறது கூட்டத்தோட நடக்கற மாதிரிங்க்கா. மூளை வழியைத் தேடறதே இல்லை. மூடிவெச்சுட்டு உள்ளிருந்து எடுக்கோணும். கொஞ்சம் மறந்துபோற நேரமாப் பாத்து மறுபடி எடுக்கோணும். அந்தக் கஷ்டத்துலதான் தடம் விழும். அப்புறம், மூணரைக்கு எந்திரிக்கறதை விடுங்க. படிச்சதை மூளை அடுக்கி வெக்கறது நாம தூங்கறப்பத்தான்.”

நான் பதிவேட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விதியைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சீட்டு யோசனை நாகஜோதியுடையது. வெட்டிய துணிகள் தையலுக்குக் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொரு கட்டிலும் அளவும் எண்ணும் எழுதிய சிறு சீட்டு இருக்கும். கட்டு தைத்து முடிந்து கணக்கு ஏறிவிட்டால் அந்தச் சீட்டுக்கு வேலை இல்லை. அப்படிக் கழிந்த சீட்டுகளை மேற்பார்வையாளர் பிரதீப்பிடம் கேட்டு வாங்கி, பின்பக்கம் சீட்டுக்கொரு கேள்வியாக எழுதினார். விடை எழுதவில்லை. விடை புத்தகத்தில், புத்தகம் வீட்டில்; சொன்னது சரியா என்று இரவில் பார்த்துக்கொள்வார். கம்பெனி கோட்டில் இரண்டு பைகள். மனதிலிருந்து விடை வந்த சீட்டு வலது பைக்கு. வராத சீட்டு இடது பைக்கு. அது மறுநாளும் வரும். வலது பைச் சீட்டு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து வரும். மொத்தம் 142 சீட்டு. ஒரு நாளைக்கு இருபது. எத்தனை வந்தது, எத்தனை வரவில்லை என்று தினமும் குறித்து ஞாயிறு அன்று என்னிடம் கொடுப்பார்.

டீ நேரத்தில் கேள்வியைப் படிப்பது ரோஸ்மேரி. தூத்துக்குடிக்காரர், பக்கத்து மேசையில் துணி சரிபார்ப்பவர். மிஷின் ஓடும்போதும் விடமாட்டாராம். “ஏ நாகு, சிறுமூளை எதுக்கு?” என்று கத்துவார். நாகஜோதி விழித்தால், அவர் உட்கார்ந்திருக்கும் ஸ்டூலை லேசாக ஆட்டி, “நீ இப்ப கீழ விழாம இருக்கேல்லா, அதுக்குத்தான்” என்பார். பிரதீப்பும் அந்தப் பக்கம் வரும்போது ஒரு சீட்டை உருவிப் பார்ப்பாராம். “இந்த லைன்ல பீஸ் வருதோ இல்லீங்களோ, நியூரான் நல்லா வருதுங்க” என்று அவர் சொன்னது அந்த வரிசை முழுக்கப் பரவியது.

ஆனால் நாகஜோதிக்கு அந்தச் சீட்டுகள் பிடிக்கவில்லை. டிசம்பர் முழுக்க ஒரு நாளைக்கு இருபதில் நான்கோ ஐந்தோதான் வந்தது. இடது பை புடைத்திருந்தது. “எழுதுறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு டீச்சர். இதை எடுத்தா நான் ஒண்ணுந் தெரியாதவளுன்னு தெனமும் இருவது தடவ தெரியுது” என்று தமிழ்மதியிடம் சொன்னார். அந்த வருத்தம்தான் படிப்பு, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார் அவர்.

2024 ஜனவரி 28, ஞாயிறு. அந்த வாரக் குறிப்பைக் கொடுத்தார். குடியரசு நாள் விடுமுறை போக ஐந்து நாள். ஐந்து நாளும் இருபதுக்கு இருபது. அதற்கு முந்தைய வாரத்தில் அதிகபட்சம் ஆறு. நான் கம்பெனியில் இருந்த காலத்தில், தப்பு என்று ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை என்று எழுதிய சீட்டு வந்தால், அன்றைக்குச் சரிபார்க்கிறவர் சரிபார்க்கவில்லை என்றுதான் எங்களுக்குப் பொருள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பத்து முறை எழுதச் சொன்னவன் இதைக் கேட்கலாமா என்று தயக்கமாக இருந்தது. கடைசியில் கேட்டேன்.

“ஏனுங்க அம்மிணி, இது மெய்யாலுமே இருவதுங்களா?”

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு சொன்னார். “புத்தகத்தைப் பையில வச்சுக் கொண்டுபோயிட்டேன் அய்யா. வெடையை ஒரு தடவ பாத்துட்டுத்தான் சீட்டை எடுத்தேன். வலது பையி நெறையணும்னு ஆசையா இருந்துச்சு. ஒரு வாரமாச்சும் தெரிஞ்சவளா இருக்கணும்னு இருந்துச்சு.”

இதைக் கேட்டுக்கொண்டே வந்த தமிழ்மதி கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நூறு குறிகளில் இப்போது எத்தனை வரும் என்று பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். சீட்டுகளைப் பரப்பி இருபதை எடுத்தார்கள். புத்தகம் என் மேசையில். வந்தது ஏழு. தமிழ்மதி அந்த ஏழையும் தனியாக அடுக்கினார்.

“இந்த ஏழும் உங்களுதுங்க்கா. யாரும் எடுக்க முடியாது. டிசம்பர்ல நாலு. நூறுன்னு எழுதினதுல தடமே விழலை. நாலு ஏழானதுலதான் விழுந்திருக்குது.”

நாகஜோதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளில் இருந்த ஐந்து இருபதுகளையும் தானே அடித்தார். அதன்பின் புத்தகம் கம்பெனிக்குப் போகவில்லை. பிப்ரவரி 4-ஆம் தேதி வாரத்தில் சராசரி எட்டு. மார்ச் 3-இல் பதின்மூன்று. மார்ச் 31-இல் பதினேழு. மார்ச் நடுவில் ஒரு வாரம் பன்னிரண்டாகக் குறைந்தது. அது சிறிய பிள்ளைக்கு அம்மை போட்ட வாரம். சிறுமூளைச் சீட்டு மட்டும் இடது பையில் பதினொரு நாள் கிடந்தது. தூக்கம் தினமும் ஆறரை மணி நேரம். அதையும் குறிக்கச் சொன்னது நான்.

ஏப்ரல் 4 அன்று தேர்வு. முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே வரவில்லையாம். முன்பென்றால் பயந்து எதையாவது எழுதியிருப்பாராம். இப்போது, ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பது நான்கு மாதமாகத் தினமும் பழகிய சங்கதி என்று தோன்றியதாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இடது பையில் கை விடுவதுபோல் புடவை மடிப்பில் கை விட்டாராம். மூளையின் பாகங்களைப் பற்றிய கேள்விக்கு ரோஸ்மேரி ஸ்டூலை ஆட்டியது நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாராம்.

மே 10 அன்று முடிவு வந்தது. எழுத்தில் 38. செய்முறை 20. மொத்தம் 58. ரோஸ்மேரி சீட்டுகளையெல்லாம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிஷின் வரிசையைச் சுற்றி வந்ததாகக் கேள்வி. சரவணக்குமார் சொன்ன சொல் தவறாமல் இடத்தை வைத்திருந்தார். பிரதீப் ஒரு நல்ல தையல்காரரை இழந்தும் தடை சொல்லவில்லை. இந்தப் பெயர்களையெல்லாம் எழுதுவது நன்றிக்காக. ஒருவர் தேர்ச்சி பெற்றார் என்று பதிவேட்டில் ஏறும் ஒரு வரிக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு என் விதி எழுதியிருந்த முதல் பக்கத்தைத் திறந்தேன். பதிவேட்டில் தவறை அழிக்கக் கூடாது, மேலே எழுதி மறைக்கவும் கூடாது. ஒரே கோடு, பக்கத்தில் கையொப்பம், தேதி. ‘ஒவ்வொரு பாடமும் பத்து முறை பார்த்து எழுத வேண்டும்’ என்ற வரியின் மேல் கோடு போட்டு, 12.5.2024 என்று எழுதினேன். பக்கங்களை எண்ணும் கட்டத்தின் தலைப்பை ‘மூடிவைத்துச் சொன்னது’ என்று மாற்றினேன். என் விதியால் இதற்குமுன் தவறிப்போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. நாகஜோதி எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப அந்தப் பதினோரு நோட்டு?” என்றார்.

“தப்பு என்னுதுங்க அம்மிணி. உங்க கையை வீணா நோக வெச்சுட்டேன்.”

“விடுங்கய்யா. எழுத்தாவது அழகா வந்துருச்சே.”

ஜூன் 3 அன்று சோதனை அறையில் சேர்ந்தார். அங்கிருந்த பெண் கிளம்புமுன் இரண்டு நாள் தங்கி வேலை சொல்லிக்கொடுத்தார். துணியை வெட்டுவது முதல் எடையை எழுதுவது வரை எல்லாம் சுவரில் ஓர் அட்டையில் இருக்கிறது, பார்த்துப் பார்த்துச் செய்தால் போதும் என்றாராம். நாகஜோதி அட்டையை ஒரு முறை முழுக்கப் படித்தார். பிறகு அதைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

“நான் சொல்லிக்கிட்டே செய்யிறேன். தப்புனா மட்டும் சொல்லு தாயி” என்றாராம்.

முதல் முறை இரண்டு இடத்தில் தப்பு வந்தது. மறுநாள் ஓரிடத்தில்.