ஒன்பது பேர் சேராத மைதானம்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். பேரையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. வில்லாபுரத்தில் ஒற்றை அறையில் தனியாக வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். மற்றபடி எங்கள் பள்ளியின் கோ-கோ அணிதான் எனக்குப் பேச்சுத் துணை.

அணிக்குப் பயிற்சி தர வெளியிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். சம்பளம் வாங்காதவர். அவர் வந்த பிறகுதான் நாங்கள் ஜெயிக்கவே ஆரம்பித்தோம். பெற்றோர் அவரைக் கண்டால் கைகூப்புவார்கள். எனக்கும் அவர்மேல் மரியாதை இருந்தது. அதை மறைத்தால் இது பொய்யாகிவிடும்.

அணியிலேயே வேகமானவள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளுடைய அப்பா ஆரப்பாளையத்தில் டீக்கடை வைத்திருந்தார். ஒரு வாரமாகக் கால்வலி என்று சொல்லிப் பயிற்சிக்கு வராமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அன்று காலையில்தான் அவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறியதைப் பார்த்திருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வலிச்சா சார்ட்ட சொல்ல வேண்டியதுதானே? தைலம் தேச்சு விடுவாருல்ல?"

அவள் பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அவருட்ட மட்டும் அனுப்பாதீங்க டீச்சர். சாமான் ரூம்புக் கதவச் சாத்திருறாரு."

அதற்கு மேல் நான் துருவவில்லை. விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அந்த அறையின் சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருந்ததே நான்தான்.

மறுநாள் காலை தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வெளிய தெரிஞ்சா அந்தப் புள்ள பேரு என்னாகும்? யோசிச்சீங்களா?"

"அவரு இனிமே கிரவுண்டுக்கு வரக் கூடாது. வந்தா நான் வர மாட்டேன்" என்றேன்.

பயிற்சியாளரை நிறுத்தினார்கள். விசாரணை எதுவும் இல்லை. சொந்த வேலை காரணமாக விலகிக்கொண்டார் என்று மட்டும் சொன்னார்கள். ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. ஒவ்வொரு வீடாகப் பெண்களைப் பயிற்சிக்கு அனுப்பாமல் விட்டார்கள். ஒரு தாய் வாசலில் நின்றே சொன்னாள்: "நீங்க செஞ்சது சரிதான் டீச்சரம்மா. ஆனா எம்புள்ளய இனி அனுப்ப மாட்டேன்."

கோ-கோவுக்கு ஒன்பது பேர் வேண்டும். மிஞ்சியது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திதான். அணி கலைந்தது அவளால்தான் என்று மற்ற பெண்கள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு அடங்கும். அந்த வருஷம் மாலைகளில் அத்தனை பெரிய மைதானத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் கம்பத்துக்குக் கம்பம் ஓடுவாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வேன்.

ஒருநாள் ஓடி முடித்து மண்ணில் உட்கார்ந்தவள் கேட்டாள்:

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா டீம் இருந்திருக்கும்ல டீச்சர்?"

"இருந்திருக்கும். ஆனா அப்படி ஒரு டீம் எனக்கு வேண்டாம்."

"எனக்கு வேணுமே" என்று சொல்லி அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மறுபடி வீடு வீடாகப் போனேன். சாமான் அறைச் சாவி இனி என்னிடம்தான் இருக்கும், அடிபட்டால் நானே வராந்தாவில் எல்லோரும் பார்க்க மருந்து போடுவேன், எந்தத் தாயும் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பதினோரு பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. "பரீட்சை இருக்கு டீச்சர்" என்றாள். பத்தாவது முடித்ததும் பள்ளியை விட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மாலை தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றாள். சேலை கட்டியிருந்தாள்.

"இவ என்னய விட நல்லா ஓடுவா டீச்சர். உங்ககிட்டங்கறதாலதான் விடுறேன்."

"உள்ள வாயேன். கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போ."

அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி மைதானத்தைப் பார்த்தாள்.

"வாரேன் டீச்சர்" என்றாள். விடைபெறுகிறாள் என்பது அவள் திரும்பி நடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.