ஜெர்மன் தலைவியின் வீட்டு மணி

எனக்குச் சரியாக எழுத வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிசில், லா சப்பல் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குச் சாப்பாட்டுக் கடை விளம்பரத் தாள் போட ஒருவர் வருவார். வன்னியிலிருந்து பெர்லினுக்குப் போய், அங்கும் இதே வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். நெடுவலான, மெலிந்த ஆள். ஒவ்வொரு தபால் பெட்டியிலும் இருக்கும் பெயரை விரல் வைத்து வாசித்த பிறகுதான் தாளைப் போடுவார்.

ஒருநாள் கூச்சத்தோடு கேட்டார்: "அம்மா, என்ர அகதிக் கேஸ் கடிதம் வர ஒரு விலாசம் வேணும். உங்கட பெட்டியில என்ர பேரையும் ஒட்டலாமோ?"

"மகனைக் கேக்கவேணும் தம்பி. அதில என்ர பேரே இல்லை, என்ர செத்துப்போன மனுசன்ர பேர்தான் கிடக்கு."

அவர் சிரித்தார். "நான் பெர்லினில இருக்கேக்க நாட்டை ஆண்ட ஜெர்மன் தலைவியும் அரசாங்க மாளிகையில இருக்கேல்லை அம்மா, சாதாரண பிளாட்தான். வாசல் மணியில புருசன்ர பேர்தான் கிடக்கு. அவவுக்கு எப்பிடியும் கடிதம் போகும். எனக்குப் பேர் இல்லாட்டித் திரும்பிப் போயிடும்."

மகனைக் கேட்காமலே அன்று பின்னேரம் அவர் பெயரை எழுதி ஒட்டினேன். கீழே என் பெயரையும் எழுதினேன். மகன் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தான், ஆனால் கழற்றவில்லை.

கடிதம் வந்தது. பிரிக்காமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. என்ன முடிவோ தெரியாது.

மணிக் கதை என்னைச் சம்மதிக்க வைக்க இட்டுக்கட்டிச் சொன்னதோ என்றும் யோசிப்பேன். பெர்லின் விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் அதைப் பலபேருக்குச் சொல்லிவிட்டேன்.