தற்காலிகம் அடித்த மணி

நகர மன்றக் கூட்ட அரங்கின் சாவி பத்தொன்பது வருடமாக ஒரே இடுப்பில் தொங்குகிறது. அந்த இடுப்புக்கு உரியவள் வேலைக்கு வந்தது மூன்று மாதத்துக்கு. முன்பிருந்தவர் நோயில் படுத்துவிட, ஆள் போடுகிற வரைக்கும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஆள் போடுகிற எண்ணம் யாருக்கும் வரவில்லை. ஆள்தான் இருக்கிறாளே.

அரங்கைக் கூட்டுவாள், இருநூறு மடக்கு நாற்காலிகளை விரிப்பாள், மைக்கை ஊதிப் பார்ப்பாள், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாத்துவாள். அவற்றில் ஒன்று உட்காருகிறவரின் தொடையைக் கிள்ளும். அதை யாருக்கும் போடாமல் மேடைக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தாள். அதைக் கழித்துக்கட்ட அனுமதி கேட்டு எழுதிப் போட்டு எட்டு வருடம் ஆகிறது, பரிசீலனையில் இருக்கிறது.

அலுவலகத்தில் அவளுக்கு ‘டெம்பரவரி’ என்று பெயர். நிரந்தரமான எழுத்தர்கள் மாற்றலாகிப் போனார்கள், நிரந்தரமான மேலாளர்கள் இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள். டெம்பரவரி மட்டும் அசையவில்லை.

அந்தப் பெயரைக் காப்பாற்ற அலுவலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொடர்ந்து தொண்ணூறு நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்கிற உரிமை வந்துவிடும் என்று விதியில் எங்கோ ஒரு வரி. ஆகவே எண்பத்தொன்பது நாளைக்கு ஓர் ஆணை, பிறகு ஒரு நாள் ‘இடைவெளி’, மறுநாள் புது ஆணை. இடைவெளி நாளில் அவள் வேலையில் இல்லை. ஆனால் சாவி அவளிடம் இருப்பதால் அன்றைக்கும் வந்து திறப்பாள், கூட்டுவாள், நாற்காலி போடுவாள். சம்பளம் மட்டும் கிடையாது. “இன்னிக்கு நீ பொதுமக்கள்” என்பார் மேலாளர். அவர் வேடிக்கையாகப் பேசுவது வருடத்துக்கு நாலு தடவை, நாலும் இதேதான்.

வீட்டில் அவளுடைய கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து, முதுகெலும்பு பிசகி, கட்டிலோடு கிடந்தார். அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. அந்த வீட்டிலிருந்து கிளம்புகிற ஒரே கேலி அவருடையது. ஓய்வு வயதுக்கு முன் நிரந்தர ஆணை வந்தால் கடைசிக் காலத்துக்கு ஓய்வூதியம் உண்டு. வராவிட்டால் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வர வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக மேலாளருக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போது தேர்தல் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துகிற வாக்காளர் சங்கம், வேட்பாளர்கள் மூவரையும் ஒரே மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்கத் தீர்மானித்தது. ஆட்சியையும் தேர்தலையும் சீர்திருத்துவதில் உங்கள் நிலைப்பாடு என்ன? ஆளுக்கு ஐந்து நிமிடம்.

நிலைப்பாடு சொல்ல மூவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் யார் மணி அடிப்பது என்பதில்தான் மூன்று வாரம் போயிற்று. இருபது வருடமாக மன்றத் தலைவராக இருப்பவர் தன் உதவியாளரைச் சொன்னார். அவரை எதிர்த்து நின்ற சிமெண்டு வியாபாரி தன் கடைக் கணக்குப்பிள்ளையைச் சொன்னார். மூன்றாவது வேட்பாளரான ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார். சீட்டை யார் எடுப்பது என்று மற்ற இருவரும் கேட்டார்கள். கடைசியில் டெம்பரவரி அடிக்கட்டும் என்று முடிவாயிற்று. அவள் எவருடைய ஆளும் இல்லை. கேட்டால், அலுவலகத்தின் ஆள்கூட இல்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் தலைவர் மைக் பார்க்கிற சாக்கில் வந்தார். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அவருக்கு ஊரிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் தங்கைகள்.

“தங்கச்சி, அஞ்சு நிமிஷம்னா நம்ம கணக்குல ஏழு. என்ன?” என்றார். “உன் பர்மனெண்ட் விஷயம் என் மனசுலயேதான் இருக்கு.”

அவர் மனதில் ஏறிய விஷயம் பத்திரமாக அங்கேயே இருந்துவிடும், கைக்கு இறங்காது என்பது அவள் அனுபவம். தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் அரங்கு நிறைந்தது. தலைவர் எடுத்த எடுப்பில், எந்தப் பதவியிலும் ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அதுதான் ஜனநாயகத்தைப் பிடித்த நோய் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், அப்படியென்றால் ஐயா எப்போது இறங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். தலைவர் அசரவில்லை.

“அந்தச் சட்டத்தைக் கொண்டு வரணும்ல? அதுக்குத்தான் இன்னொரு தடவை கேக்கறேன்.”

இதற்குக் கை தட்டினார்கள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனைப் பார்த்தால் நம் மக்களுக்கு எப்போதும் ஒரு மரியாதை. மணி அடித்தபோது, தலைவர் அதையும் கைதட்டல் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேலே பேசினார்.

வியாபாரியின் நிலைப்பாடு தேர்தல் நன்கொடை பற்றியது. யார் யார் கொடுக்கிறார்கள் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். எவ்வளவு என்பது அவரவர் சொந்த விஷயம். மணி அடித்ததும் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறேன் என்றார். அந்த வாக்கியம் சரக்கு ரயில் மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியை யாரும் பார்க்கவில்லை.

டீச்சர் எழுந்தார். முப்பது வருடம் மணிச் சத்தத்துக்குச் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தவர். செலவுக் கணக்கு, வாக்குச்சாவடி, வாக்காளர் பட்டியல் என்று பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

“இந்த மன்றத்துலயே தற்காலிகம்னு பேர் வெச்சு வருஷக்கணக்கா வேலை வாங்கிட்டு இருக்காங்க. நான் வந்தா அவங்களை…”

டிங்.

டெம்பரவரியின் கண் கடிகாரத்தில் இருந்தது. கை தன் வேலையைச் செய்துவிட்டது. காதுதான் தாமதமாக வந்து சேர்ந்தது. டீச்சர் வாயைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அரங்கு சிரித்தது. மணிக்குக் கட்டுப்பட்ட ஒரே வேட்பாளர் அன்று அரங்கின் ஒரே நகைச்சுவையும் ஆனார்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் முதுகுவலியை மறந்து ஒருக்களித்துப் படுத்தார்.

“ரெண்டு பேருக்கு அடிச்ச மணி காத்துல போச்சு. உனக்குன்னு ஒருத்தி வாயைத் திறந்தா, கரெக்டா அடிச்சு மூடிட்டு வந்திருக்க.”

“என்னவோ சொல்ல வந்தாங்க. நல்லதாத்தான் இருக்கும்.”

“இனிமே அடுத்த தேர்தலுக்குத்தான் தெரியும்” என்றார் அவர்.

தலைவர் ஜெயித்தார். டீச்சருக்கு விழுந்த வாக்குகளை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்துவிடலாம்.

சொன்னபடி சீர்திருத்தம் வந்தது. ஒரே இடத்தில் பத்து வருடத்துக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்ற தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். விவாதம் ஆழமாக நடந்தது. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது மக்கள்; மக்களின் விருப்பத்துக்கு வரம்பு கட்டுவது சர்வாதிகாரம் என்று ஒருவர் கண் கலங்கிச் சொன்னதால் உறுப்பினர்கள் விலக்கப்பட்டார்கள். நிரந்தர ஊழியர்களுக்குச் சங்கம் இருந்தது, அவர்களும் விலக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் தற்காலிக ஊழியர்கள் நாலு பேர். அதில் மூன்று பேர் உறுப்பினர்களுக்கு மச்சான், மருமகன், மச்சினியின் மகன் என்று ஏதாவது ஒரு விதத்தில் வேண்டியவர்கள். அவர்களுடைய வேலைக்குப் புதுப் பெயர் வைத்து, நேற்றுத்தான் சேர்ந்தவர்களாக ஆக்கினார்கள். ஜனநாயகத்தைப் பிடித்த நோய் அப்படிச் சுருங்கிச் சுருங்கி, அரங்கைக் கூட்டுகிற ஒரு பெண்ணாக வந்து நின்றது.

மேலாளர் கூப்பிட்டு வாய்மொழியாகச் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சட்டம் எல்லாருக்கும் பொது, மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். உட்காரக்கூடச் சொன்னார். அதிலிருந்தே விஷயம் பெரிது என்று அவளுக்குப் புரிந்தது.

அன்று அவள் அழவில்லை. குழம்பில் உப்பு போடாமல் இறக்கினாள், அவ்வளவுதான். கணவர் அதையும் சாப்பிட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

“பத்து வருஷமா? அவன் கணக்குப்படி நீ எண்பத்தொன்பது நாளுக்கு மேல இருந்ததே இல்லையே. பத்து வருஷம்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பானா அந்த ஆளு? குடுத்தா நீ அன்னிக்கே பர்மனெண்ட்.”

அவர் கேலிக்குச் சொன்னதுதான். கேலி தவிர வேறு எதுவும் அவர் சொல்வதில்லை. ஆனால் அவள் இரவெல்லாம் அதை வாயில் போட்டு அதக்கினாள். காலையில் மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

“பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்தேன்னு எழுதிக் குடுங்க சார். சந்தோஷமாப் போயிடறேன்.”

அவர் நல்ல மனநிலையில் இருந்தார். அதற்கென்ன என்று பேனாவைத் திறந்து, தேதி போட்டு, ‘தொடர்ந்து’ என்ற சொல் வரை எழுதிவிட்டார். அப்புறம் பேனா நின்றது. பத்து வருடம் இருந்தாள் என்று எழுதினால் அவளை நிரந்தரமாக்கி, பத்தொன்பது வருடத்து இடைவெளிகளுக்கும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்று எழுதினால் அவளை அனுப்ப முடியாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வெட்டியவரே அவர்தான்.

“ஏம்மா, உனக்கு யாரு இதெல்லாம் சொல்லித் தர்றா?”

“வீட்டுல, சார்.”

“வக்கீலா?”

“மெக்கானிக்.”

மேலாளர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைவரிடம் ஓடினார். தலைவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். அந்த ஒரு வாரத்தில் தலைவர் இவ்வளவு நிம்மதியாகக் காணப்பட்டதில்லை. சீர்திருத்தத்தை மேற்கொண்டு நடத்தச் சொல்லி வாக்காளர் சங்கம் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. உறுப்பினர்களையும் சேர்க்கச் சொல்லிப் பத்திரிகையில் கடிதம் வந்துகொண்டிருந்தது. மறுநாளே அறிக்கை விட்டார். ஊழியர்களின் ஒத்துழையாமையாலும் சட்டச் சிக்கலாலும் சீர்திருத்தம் மொத்தமாக நிறுத்தி வைக்கப்படுகிறது; அவர் மனம் உடைந்திருக்கிறார்.

ஒரு நகரத்தின் அரசியல் சீர்திருத்தத்தையே ஒற்றை ஆளாகத் தடுத்து நிறுத்தியவள் அன்று மாலையும் இருநூறு நாற்காலிகளை மடக்கினாள். வெளியேற்றம் ரத்தாயிற்று. நிரந்தர ஆணை வரவில்லை. அடுத்த எண்பத்தொன்பது நாளுக்கான ஆணை வந்தது.

வருடம் திரும்புவதற்குள் மறுபடியும் தேர்தல். தலைவர் வரம்புக்கு மேல் செலவு செய்து ஜெயித்தார் என்று சிமெண்டு வியாபாரி வழக்குப் போட்டிருந்தார். ஆதாரம் அசைக்க முடியாதது. அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்ததே அவர்தான். தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. தலைவருக்கு அபராதம் மட்டும். மறுபடி நிற்கத் தடையில்லை.

மறுபடியும் அதே மேடை, அதே மூவர், அதே மேசை மணி. தலைவர் இந்தத் தடவை, சீர்திருத்தத்தைத் தடுக்கிற சக்திகளை அடையாளம் காண்பேன் என்று முழங்கினார். சக்தி அவருக்கு மூன்றடி தள்ளி, மணியில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. வியாபாரியின் சரக்கு ரயிலும் போனது.

டீச்சர் பழைய வரிசையிலேயே வந்தார்: செலவு, சாவடி, பட்டியல். தற்காலிக ஊழியர்கள் என்ற இடத்துக்கு வரும்போது கடிகார முள் போன தடவை நின்ற அதே இடத்தில் இருந்தது. டெம்பரவரி கையை மணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டீச்சருக்கே சந்தேகம். பேச்சை நிறுத்திக் கேட்டார். “நேரம் முடிஞ்சிருக்கணுமேம்மா?”

“இன்னும் இருக்கு டீச்சர். சொல்லுங்க.”

யாருடைய ஆளும் இல்லை என்று ஊரே நம்பியவள் செய்த ஒரே தேர்தல் முறைகேடு அது.

“நான் வந்தா அவங்களை இப்படி ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்க வைக்க மாட்டேன். பத்தாவது பாஸ் பண்ணவங்களை உடனே நிரந்தரம் ஆக்குவேன். மத்தவங்களை ஒரு மாசச் சம்பளம் குடுத்து மரியாதையா அனுப்பிடுவேன். முதல் வாரத்துலயே.”

அவள் படித்தது எட்டாவது.

டிங்.

டீச்சர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

வாக்குப் போட்டுவிட்டு வந்த அன்று கணவர் விடவில்லை. டீச்சருக்கா, வியாபாரிக்கா, யாருக்கு என்று துளைத்தார்.

“டீச்சர் சொன்னாச் செஞ்சுடுவாங்க.”

“அப்ப?”

“தலைவருக்குத்தான். இருபது வருஷமா சொன்ன சொல்லு ஒண்ணையும் காப்பாத்தல. அதை நம்பித்தான் நம்ம அடுப்பு எரியுது.”

மெக்கானிக்குக்குக் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆன நாளாக அது முதல் தடவை.

தலைவர் மறுபடியும் ஜெயித்தார். பாராட்டுக் கூட்டம் அரங்கில் நடந்தது. அன்று அவளுக்கு இடைவெளி நாள், அவள் பொதுமக்கள். இருந்தாலும் வந்து திறந்தாள், கூட்டினாள், நாற்காலிகளை விரித்தாள். மேடையில் நடுநாயகமாகப் போட வேண்டிய நாற்காலியை மட்டும் மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து, துணியால் இரண்டு தடவை துடைத்துப் போட்டாள்.

தலைவர் கைகூப்பியபடி வந்து உட்கார்ந்தார். முகம் ஒரு கணம் கோணியது. உடம்பு அரை அங்குலம் மேலே எழும்பி மறுபடி இறங்கியது. முன்வரிசையில், சம்பளமில்லாமல், பொதுமக்களோடு பொதுமக்களாக உட்கார்ந்து அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் பாராட்டினார்கள். நாற்காலி கிள்ளிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை.