செயற்குழுவில் அக்கா கேட்டது

"சந்தாவுல எல்லாக் கட்சிக்காரங்க காசும் இருக்குதுங்களே, அதை எடுத்து என் எலக்‌ஷனுக்குச் செலவு பண்ணலாங்களா?" என்று அக்கா கேட்டபோது செயற்குழுவில் இருந்த ஏழு ஆண்களும் சிரித்தார்கள். ஓரத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். சுரங்கத்தில் கல் ஏற்றிவிட்டு நேராகச் சங்க அலுவலகத்துக்கு வந்திருந்தார் அக்கா. புருவத்திலும் தலைமுடியிலும் சுண்ணாம்புத் தூள் அப்பியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். செயலாளர்தான் பதில் சொன்னார்: "ஜெயிச்சுட்டு வா தாயி, அப்புறம் உக்காந்து சட்டம் பேசலாம்."

அது தொண்ணூற்றாறாம் வருடம். அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சிமெண்ட் ஆலை தன் சுரங்கத்தை ஊர்ப் பக்கமாக விரிவுபடுத்த நினைத்திருந்தது. அதற்கு ஊராட்சியின் சம்மதத் தீர்மானம் வேண்டும். ஆலைக்கு லாரி ஓட்டும் காண்ட்ராக்டரின் மனைவி ஒரு பக்கம் நின்றார். எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் மறுபக்கம் அக்காவை நிறுத்தியது. எனக்கு இருபத்தேழு வயது. மனைவி, கைக்குழந்தை. சங்கத்துக்குக் கடிதம் எழுதுவதும் கூட்ட நடவடிக்கைகளை மினிட் நோட்டில் எழுதுவதும் என் வேலை.

அக்கா கேட்டதுதான் சட்டம் என்பது பிறகு தெரிந்தது. தொழிற்சங்கத்தின் பொதுநிதியைத் தேர்தலுக்குத் தொடக் கூடாது. அரசியலுக்கென்று தனி நிதி வைத்து, விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் அதற்கு வாங்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. ஆலைக்கும் விதி உண்டு. அரசியலுக்குக் கொடுத்தால் இயக்குநர் குழு தீர்மானம் போட வேண்டும், வருடக் கணக்கில் காட்ட வேண்டும். ஆலை யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. கிராம நலன் என்று சொல்லி மாரியம்மன் கோயிலுக்கு வளைவு கட்டியது, தெருவுக்குத் தெரு அடிபம்பு போட்டது. எல்லாவற்றையும் திறந்துவைத்தது காண்ட்ராக்டரின் மனைவி. நாங்கள் ஒரு ஜீப், ஒரு மைக் செட், நோட்டீஸ் என்று சங்க நிதியில் செலவு செய்தோம். தீர்மானம் எழுதும்போது அக்கா கேட்ட கேள்வியையும் அப்படியே நோட்டில் எழுதினேன். கூட்டத்தில் பேசியதை எல்லாம் எழுத வேண்டும் என்று அப்போது நம்பியிருந்தேன்.

கொஞ்ச வாக்குகளில் அக்கா ஜெயித்தார். ஆலையின் கடிதம் ஊராட்சிக்கு வந்ததும் முடியாது என்று எழுதி அனுப்பினார். அதற்கு அடுத்த மாதமே சங்க நிதியைத் தேர்தலுக்கு எடுத்தார்கள் என்று திருச்சி லேபர் ஆபீசுக்குப் புகார் போனது. சங்கத்தின் பதிவே ரத்தாகலாம் என்றார்கள். எங்கள் செயலாளர் ஆலை மேனேஜரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மா கமிட்டிக்குத் தெரியாம எடுத்துக்கிச்சுன்னு எழுதிட்டா சங்கம் தப்பிச்சுக்கும். புது நோட்டுல எழுதிடு."

"அக்கா பேரு கெட்டுடுங்களே?"

"முன்னூறு குடும்பம் இருக்குடா இந்தச் சங்கத்துல. ஒரு பொம்பளை பேருக்காக அத்தனையும் போகணுமா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆலை டைம் ஆபீசுல ஒரு கிளார்க் எடம் காலியா இருக்குதாம். உன் பேரைச் சொல்லிருக்கேன்" என்றார்.

ஒரே மத்தியானத்தில், பழைய கூட்டங்களையெல்லாம் வரிசையாகப் புது நோட்டில் எழுதி முடித்தேன். நிதி இருந்த பெட்டியின் சாவி அக்காவிடம் இருந்ததாகவும் ஒரு வரி சேர்த்தேன். அதைச் செயலாளர் சொல்லவில்லை. நம்பும்படியாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பழைய நோட்டை டீக்கடை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, அங்கேயே ஒரு டீ குடித்தேன்.

விசாரணை சங்க அலுவலகத்திலேயே நடந்தது. அக்கா பயப்படாமல் வந்தார். நல்ல புடவை உடுத்தியிருந்தார். அதிகாரி புது நோட்டைப் படித்துக் காட்டியபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே நினைத்தார். செயலாளரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானப்பா எழுதின? இது சரியான்னு நான் கேட்டேன்ல? அதையும் எழுதிட்டேன்க்கான்னு சொன்னியே. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"அப்படி எதுவும் எழுதலைங்க சார்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மறு வாரம் அக்காவைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். போலீசில் புகார் கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் பணத்தைக் கட்டிவிட்டு, உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துத் தலைவர் பதவியை விட்டுப் போக வேண்டும் என்று பேசி முடித்தார்கள். கேரளாவில் வேலை பார்த்த அக்காவின் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தார். என்ன ஏது என்று கேட்காமல் தெருவில் வைத்து அடித்தார். அக்கா ஆடுகளையும் காதுத் தோட்டையும் விற்றுப் பணத்தைக் கட்டினார். ராஜினாமாக் கடிதத்தை நான்தான் எழுதினேன். இடைத்தேர்தலில் காண்ட்ராக்டரின் மனைவி ஜெயித்தார். தீர்மானம் நிறைவேறியது. அக்கா குடியிருந்த தெரு இன்று தண்ணீர் நிற்கும் பள்ளம். எனக்கு வேலை கிடைத்தது, பிறகு அது நிரந்தரமும் ஆனது.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான சமயம், ஒரு கல்யாணத்துக்காக ஆண்டிமடம் போயிருந்தேன். அக்கா அங்கே மகள் வீட்டில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். பதினோரு வருடம் கழித்து ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் இனி நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணமாகத்தான் இருக்க வேண்டும்.

கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கருத்து உரிந்திருந்தன. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வேலை பெர்மனன்ட் ஆயிடுச்சா தம்பி?" என்று கேட்டார். ஆயிடுச்சுக்கா என்றேன். "புள்ளைங்க படிக்குதுங்களா?" படிக்குதுங்கக்கா.

"அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

கை காட்டி நிறுத்தினார். "அதை இங்க பேசாத. திருடி மகள்னு தெரிஞ்சேதான் என் மருமவன் பொண்ணைக் கட்டிக்கிச்சு. நகை நட்டு எதுவும் கேக்கல. பெரிய மனசுன்னு ஊரே சொல்லுது, அதுவும் சொல்லிக்கும். இப்ப போயி நான் எடுக்கலைன்னா, அந்தப் பெரிய மனசு என்னாகும்? என்னத்துக்குன்னு எனக்குச் சோறு போடும்? எம் பொண்ணு குடும்பம் நடத்தணும்."

அதற்குள் மருமகன் வந்துவிட்டார். நல்ல மாதிரியான ஆள். நான் எந்த ஊர், எந்தச் சங்கம் என்று தெரிந்ததும் முகம் மாறியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு அக்காவின் எதிரிலேயே, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அத்தை அப்ப ஏதோ தெரியாம பண்ணிட்டாங்க சார். சங்கத்துல மனசுல வெச்சுக்காதீங்க."

அக்கா தலை நிமிராமல் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லைங்க. நாங்க அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டோம்" என்றேன்.