சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரல்

ஒரு மனிதன் யாரோடும் சண்டைக்குப் போகாமல் இருப்பது நல்ல குணமா, இல்லை, துணிச்சல் இல்லாததற்கு ஊர் வைத்த நல்ல பெயரா? கலியமூர்த்தியோடு குடும்பம் நடத்திய மலர்க்கொடிக்குப் பல வருஷம் இந்தக் கேள்வி எழவே இல்லை. எழுந்தபோது அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் போயிருந்தது.

கலியமூர்த்தி கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். விடியும்போதே மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்து நிற்பார்கள். கட்டி சின்னது, பாதி தூள் என்று கத்துவார்கள். அவர் பதில் பேசாமல் இன்னொரு துண்டை உடைத்துப் போடுவார். சோனாங்குப்பத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிற சின்னப்பிள்ளைக்கு அதுதான் பொறுக்காது.

"திட்னா திரும்பத் திட்டுய்யா. செவுத்தாண்ட பேசுற மாதிரி இருக்கு. இந்த ரூம்லயே கெடந்து ஒனக்கு ரத்தமும் ஐஸாயிடுச்சி" என்பாள்.

அவர் சிரித்துக்கொள்வார். கூடைக்காரப் பெண்களை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரை எதிர்த்து, கடைசிக் கூடை ஏறும்வரை பஸ்ஸுக்கு முன்னால் நின்றவள் அவள். அவள் வாய்க்கு மார்க்கெட்டே ஒதுங்கிப்போகும்.

மேல்பட்டாம்பாக்கத்துச் சொந்தக்காரர்களுக்கோ கலியமூர்த்தியின் பொறுமை குடும்பச் சொத்து மாதிரி. பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அடம் பிடிக்கிற பிள்ளையிடம், "ஒனக்கு எவ சக்கரத்தண்ணி வெச்சா?" என்று கேட்பார்கள். அதனால் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூட வேலை செய்த லால்பேட்டை முஸ்லிம் ஒருவர், தங்கள் வீடுகளில் ஒரு பெரியவர் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவுவார் என்று சொல்லியிருந்தார். "நாங்க நல்லா ஓதுனவரத் தேடுவோம், ஒங்காளுங்க வாயே தொறக்காதவரத் தேடறாங்க" என்று அவர் கேலி செய்ததைக் கலியமூர்த்தி வீட்டில் வந்து சொன்னார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. மலர்க்கொடிக்கும்தான்.

அப்படி அவர் தொட்டு வைத்த குழந்தைகளில் ஒருத்தி, அக்கா கொளஞ்சியம்மாளின் மகள் தமிழினி. மாமனை உரித்து வைத்தவள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது பேனாவை எடுத்துக்கொண்டால் பென்சிலில் எழுதிவிட்டு வருவாள். சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்ததும் அந்த அடக்கத்தால்தான். பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் சௌந்தரம் சொல்லிவிட்டாள்: "ஒரு கேள்வி கேட்டா ஒரு பதிலுதான் வருது. இதுதாங்க எங்களுக்கு வேணும்."

தமிழினிக்கு ஒன்பதாம் மாசத்தில் சிதம்பரத்தில் வளைகாப்பு வைத்தார்கள். மண்டபம் நிறைய ஆட்கள். மலர்க்கொடி வளையல் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தமிழினி மாமனைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

"நேத்திலேருந்து கொழந்த அசையற மாதிரி தெரியல மாமா."

கலியமூர்த்தி நேராகச் சௌந்தரத்திடம் போனார். "ஒருவாட்டி ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடலாங்களா?"

"நல்ல நேரம் போய்க்கினே இருக்கு, இப்பப் போயி ஆஸ்பத்திரியா? மாசம் ஏற ஏற சோம்பலாத்தாங்க இருக்கும். முடியட்டும், சாய்ங்காலம் பாத்துக்கலாம்."

"சரிங்க" என்றார் அவர்.

சந்தனம் பூசினார்கள். இரண்டு கை நிறைய வளையல் அடுக்கினார்கள். தமிழினி மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு தடவை கேட்பார் என்று மலர்க்கொடி காத்திருந்தாள். தானே வாய் திறந்து கேட்கலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் துடிப்பு இல்லை என்றார்கள். அந்தக் கண்ணாடி வளையல்களைச் சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றியது மலர்க்கொடிதான். காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

கொளஞ்சியம்மாள் தம்பியிடம் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "ஒங்கொணம் வரணும்னு நானேதான்டா ஒன்னக் கூப்ட்டு வெக்கச் சொன்னன். வந்துருச்சி. அவளும் ஒருவாட்டி சொல்லிட்டு நின்னுட்டா, நீயும் ஒருவாட்டி கேட்டுட்டு நின்னுட்ட."

"அக்கா அப்பிடி சொன்னது ஒங்களுக்கு வருத்தமா இல்லியா?" என்று மலர்க்கொடி பிறகு கேட்டாள்.

"சரியாத்தான் சொன்னுச்சி."

அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். குழந்தை பிறந்த வீட்டுப்பக்கமே போகவில்லை.

போன தை மாசம் சிதம்பரத்தில் தமிழினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால், வீட்டுக்கு வந்ததும் விரலை நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும் என்று முடிவானது. சௌந்தரமே போன் பண்ணினாள். "நீங்கதாங்க வந்து வெக்கணும். பொண்ணும் எங்க மருமவ மாதிரியே அமைதியா வளரணும்."

மறுக்க நர்ஸ் சொன்னதே போதுமான சாக்கு. அவர் அதைச் சொல்லுவார் என்று மலர்க்கொடி நினைத்தாள். அவர் "வரேங்க" என்றார்.

சிதம்பரத்து வீட்டில் வெள்ளி டம்ளர் தயாராக இருந்தது. தமிழினி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். மாமனை நிமிர்ந்து பார்த்தாள். கலியமூர்த்தி குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதோ வந்துடறேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது மார்க்கெட்டிலிருந்து சின்னப்பிள்ளையைக் கூட்டிவந்திருந்தார்.

"சங்கரா மீனுக்கு ஒருத்தி வெல பேசிக்கினு இருந்தா, அப்பிடியே உட்டுட்டு வந்தன். என்னான்னு சொல்லித் தொலைய்யா" என்றபடி அவள் உள்ளே வந்தாள்.

"கொழந்தைக்குச் சக்கரத்தண்ணி தொட்டு வெக்கணும். நீதாம்மா வெக்கணும்" என்று கலியமூர்த்தி வெள்ளி டம்ளரை எடுத்து நீட்டினார்.

சின்னப்பிள்ளை அவரையும் வீட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னையா? எம்பேத்திக்கே எம்மருமவ என்ன கிட்ட உடல. இந்த வாயி அதுக்கும் வந்துடும்னு."

"தெரியும்."

சௌந்தரத்தின் முகம் மாறியது. "என்னங்க இது? நாங்க ஒங்களத்தான் வரச்சொன்னம். இதெல்லாம் நல்லா இல்லீங்க."

மலர்க்கொடி அந்தப் பழைய 'சரிங்க'வுக்காகக் காத்திருந்தாள். கலியமூர்த்தி சௌந்தரத்தைப் பார்த்தபடியே நின்றார். நீட்டிய டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"பின்னாடி கொழாயி இருக்கு" என்றார் சின்னப்பிள்ளையிடம். "சோப்பு போட்டுக் கை கழுவிக்கினு வா."

அவள் கழுவிக்கொண்டு வந்தாள். தமிழினி யாரையும் கேட்காமல் குழந்தையின் முகத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏங்க அப்பிடி செஞ்சீங்க?" என்று மலர்க்கொடி கேட்டாள். "காத்து ஜாஸ்தியா அடிக்குது" என்று சொல்லி அவர் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்.