அக்கா கொடுத்த புட்டுக்குடம்

விதுரா பஸ் நிற்கும் எங்கள் ஜங்ஷனில் இப்போது சாப்பாட்டுக் கடைகள் பத்துக்கு மேல் இருக்கும். குழிமந்திச் சோறு, ஷவர்மா, ஏசி போட்ட பேக்கரி. நான் இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தபோது இரண்டுதான். பஸ் நிற்கும் பக்கம் என் தோசைக்கடை. ரோட்டுக்கு எதிரே அக்காவின் புட்டுக்கடை.

நான் தென்காசிப் பக்கம். அக்கா நாகர்கோவில் பக்கம். கூடப் பிறந்தவர் இல்லை, மூத்தவர் என்பதால் அக்கா. புருஷன் போன பிறகு தனியாகக் கடை நடத்தினார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பேசி வைத்தது இல்லை. அவர் தோசை சுட மாட்டார். நான் புட்டு அவிக்க மாட்டேன். என்னிடம் புட்டு கேட்டால் எதிரே கை காட்டுவேன். அவரிடம் தோசை கேட்டால் இங்கே அனுப்புவார்.

ஒரு நாள் புட்டுக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பி, எனக்க மவளுக்கு பிரசவ நாள் அடுத்துட்டு. பத்து நாளு கட அடப்பு. நம்ம ஆளுவ வந்தா திருப்பி விடாதிய. ஒருக்கா வேற எடம் போயி பழகிட்டா பொறவு வர மாட்டாவ.”

மாவு நனைக்கவும் அவரே காட்டித் தந்தார். கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விரல் பட்டால் உடைய வேண்டும்.

பத்து நாளும் அவித்தேன். அவருடைய ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், அக்காவைக் கூப்பிடுவது போலவே, “மீச வச்ச சேச்சி, ரெண்டு புட்டு” என்பார். கடையே சிரிக்கும். தோசையும் புட்டும் ஒரே மேசையில் கிடைத்தன, பஸ்ஸும் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவர்களுக்கு அது பிடித்துப்போனது. எனக்கும்.

அக்கா திரும்பி வந்தார். குடத்தைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கொற ஒண்ணும் சொல்லலியே?”

“இல்லக்கா.”

“அப்ப என்னவிட நீரு தேவல” என்று சிரித்தார். பேரனின் படத்தைப் போனில் காட்டினார்.

முந்தின நாளே டவுனுக்குப் போய்ச் சாலைக் கடைத்தெருவில் இரண்டு புட்டுக்குடம் வாங்கி வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை என் அடுப்பிலும் புட்டு ஆவி வந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். சண்டைக்கு வருவார் என்று இருந்தேன். வரவில்லை. வியாபாரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரும் தோசை போடட்டும், கணக்கு நேராகிவிடும் என்று காத்திருந்தேன். அவரிடம் கல் இருந்தது, அடுப்பு இருந்தது. போடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, அவர் கடையில் ஆளே இல்லை. லாரிக்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்து தோசை கேட்டார். நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது தெளிவாகக் கேட்டது.

“தோச எதிர்ல, தம்பி கடையில. நல்லா இருக்கும், போங்க.”

லாரிக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். சுட்டுக் கொடுத்தேன். முதல் தோசை கல்லிலேயே பிய்ந்தது.

அன்றைக்கே புட்டை நிறுத்தியிருக்கலாம். மறுநாளும் அவித்தேன்.

ஓணத்துக்கு முன் அக்கா கடையை ஒழித்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். பஸ் ஏறும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“வாரேன் தம்பி. மாவுல தண்ணி கூடுது. பாத்துக்கிடும்.”

“சரிக்கா” என்றேன்.

அந்த இடத்தில் இப்போது பெரிய ஓட்டல். குழிமந்தி உண்டு, புட்டு உண்டு, தோசையும் உண்டு. என் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான். தோசை ஏன் போடுகிறீர்கள் என்று போய்க் கேட்க எனக்கு வாய் இல்லை.

புட்டு அவிப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. இரண்டு குடமும் பரண்மேல் கிடக்கின்றன. இப்போது நிறுத்தி யாருக்கு என்ன.